பகுதி ஒன்றோடு நின்றுவிட்ட தமிழ்: காட்சித் தொடர்பியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் காட்சித் தொடர்பியல், இதழியல், டிஜிட்டல் ஊடகம் ஆகிய பட்டப்படிப்புகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுக்களின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்கள் எடுத்த ஆவணப்படங்களை மதிப்பிட வெளித்தேர்வாளராகச் சென்றிருந்தேன். அன்று பார்த்த 16 படங்களில் ஒன்று காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு ஒன்றைப் பற்றியது. எடுத்தவர் அந்த வீட்டுப் பெண். விடிந்தும் விடியாத நேரத்தில் தறிக்கு நெடுக்காகப் பூட்டும் நூலான பாவு தெருவின் நீளத்துக்கு விரிக்கப்பட்டிருக்க, இரு பக்கமும் ஆட்கள் நின்று இழை இழையாகப் பிரித்துவிடும் காட்சியை, அனுபவம் மிகுந்த ஒளிப்பதிவாளரும் பொறாமைப்படக்கூடிய பொறுமையோடு அவர் படமாக்கியிருந்தார். தறியில் உட்கார்ந்தபடியே, கேமராவைத் திரும்பிப் பார்க்காமல், அவருடைய தாயார் பேசுகிறார்: “பாவு தீந்துபோச்சுன்னா அடுத்த பாவு வர்ற வரைக்கும் தறி சும்மாதான் கெடக்கும்.” அடுத்த நொடியே மகளின் பின்னணிக் குரல் தொடங்குகிறது: “வார்ப் நூல்கள் தயார் செய்யப்படுவது நெசவுச் செயல்முறையின் ஒரு முக்கியமான அங்கமாகும்.”

வாய்மொழித் தேர்வில் அவரிடம், வீட்டில் பாவு என்று சொல்பவர் படத்தில் ஏன் வார்ப் என்று சொன்னீர்கள் எனக் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு, “ஸ்கிரிப்டை இங்கிலீஷ்லதான் சப்மிட் பண்ணச் சொன்னாங்க சார். அப்புறமா அதை ஆப்புல போட்டுத் தமிழ்ல மாத்திப் படிச்சேன்” என்றார். ஆப் முதலில் வார்ப் என்ற ஆங்கிலச் சொல்லை, அதன் வேறொரு பொருளில், ‘உருக்குலைவு’ என்று மாற்றித் தந்ததாகவும், அது தவறு என்று தெரிந்ததால் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொண்டதாகவும் விளக்கினார். பாவு என்ற சொல் நினைவுக்கு வரவில்லையா என்றேன். “அது வீட்டுப் பேச்சு சார்” என்றார்.

அந்த விடைதான் இந்த மடலை எழுதவைத்தது. நானும் இதே பட்டத்தைப் பெற்றவன். 18 ஆண்டுகளாகச் செய்தித் தொலைக்காட்சியிலும் பின்னர் இணைய ஊடகத்திலும் படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவன். எங்கள் அலுவலகத்துக்கு வேலை கேட்டு வரும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பட்டதாரிகளில் எத்தனையோ பேர் கேமராவை என்னைவிட நன்றாகக் கையாளுகிறார்கள்; வண்ணச் சீரமைப்பு தெரிகிறது, டிரோன் ஓட்டத் தெரிகிறது. தமிழில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் மட்டும் கைபேசியை எடுக்கிறார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் மூன்றாண்டுகளில் எந்த முதன்மைப் பாடத்திலும் அதை அவர்களிடம் யாரும் கேட்டதே இல்லை.

நம் கலை அறிவியல் கல்லூரிகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியாததன்று. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடங்கள். பகுதி ஒன்றில் தமிழாசிரியர் வந்து செய்யுளும் உரைநடையும் புதுக்கவிதையும் நடத்திவிட்டுப் போகிறார். அவர் போன பின்பு பகுதி மூன்று தொடங்குகிறது. அங்கே தமிழ் உள்ளே வருவதில்லை. பக்கத்துக் கட்டடத்தில் எடிட்டிங் லேப் இருப்பது தமிழாசிரியருக்குச் செய்தி. அந்த லேபில் ஓடும் படங்கள் எல்லாம் தமிழில் இருப்பதும், அவற்றின் மொழியை யாரும் திருத்தித் தருவதில்லை என்பதும் அவருக்குச் சொல்லப்படாத செய்தி. முதல் பருவத்திலேயே அமெரிக்க அறிஞர் லாஸ்வெல் 1948-இல் வகுத்த வாய்பாட்டை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள்: யார், என்ன சொல்கிறார், எந்த வழியாக, யாரிடம், என்ன விளைவோடு. ‘யாரிடம்’ என்ற அந்த நான்காம் கேள்விக்கு இந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு விடை, தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் என்பதுதான். பாடத்திட்டம் அந்த விடையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே என் முறையீடு.

தமிழ் உணர்ச்சியை வளர்க்க வேண்டும் என்று நான் கேட்க வரவில்லை. அதற்கு வேறு மேடைகள் இருக்கின்றன. எங்கள் தொழிலில் தமிழ் ஒரு கருவி; அந்தக் கருவிக்கு உரிய நுட்பங்கள் இருக்கின்றன; அவற்றைக் கற்பிக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

படத்தொகுப்பிலிருந்து தொடங்குகிறேன்; என் தொழில் அது என்பதால் சற்று நீளமாகவே சொல்ல அனுமதியுங்கள். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பு அந்த வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. “அவரு பணம் வாங்கினாருன்னு நான் சொல்லவே இல்லையே” என்று ஒருவர் பேட்டியில் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இதையே ஆங்கிலத்தில் சொல்பவர் மறுப்பை முதலில் சொல்லிவிட்டுத்தான் பணத்துக்கு வருவார். பின்பகுதியை வெட்டினாலும் மறுப்பு மிஞ்சும். தமிழில் ‘வாங்கினாரு’ என்ற இடத்தில் கத்தி விழுந்தால் மறுப்பு முழுக் குற்றச்சாட்டாக மாறிவிடும். இடையில் இருக்கும் ‘ன்னு’ என்ற ஒட்டு, முன்சொல்லோடு ஒரே மூச்சில் ஒலிப்பதால், தொகுப்பு மென்பொருளின் டைம்லைனில் ஒலி அலையைப் பார்த்து இடைவெளி தேடும் கண்ணுக்கு அது தட்டுப்படவே படாது. நிபந்தனை வாக்கியத்திலும் இதே ஆபத்து தலைகீழாக இருக்கிறது: “தண்ணி வந்தா கால்வாயத் திறந்துவிடுவோம்” என்று அதிகாரி சொன்னதில் முதல் இரண்டு சொற்களை நேரமில்லை என்று எடுத்துவிட்டால், அவர் கொடுக்காத வாக்குறுதி ஒன்று அன்றிரவே ஊரெல்லாம் பரவிவிடும்.

இது கற்பனை ஆபத்து என்று எண்ண வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், இரவு ஒன்பது மணிச் செய்திக்கு ஏழு நிமிடம் இருந்தபோது, 40 நொடிப் பேட்டித் துண்டை (பைட்) 15 நொடியாகக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தேன். பின்னால் வந்து நின்ற முதுநிலை உதவி ஆசிரியர் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “தம்பி, ‘ன்னு’ எங்கே?” என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் கற்றதை மூன்றாண்டுப் படிப்பில் எனக்கு யாரும் கற்பித்திருக்கவில்லை. கல்லூரியில் நாங்கள் படித்த படத்தொகுப்புக் கோட்பாடுகள் காட்சித் துண்டுகளை மோதவிட்டுப் பொருள் உண்டாக்கும் சோவியத் மாண்டேஜில் தொடங்கி ஹாலிவுட்டின் தொடர்ச்சி விதிகளில் முடிந்தன. இரண்டும் வேண்டும்தான், அந்த மாண்டேஜ் இயக்குநர் ஐசன்ஸ்டைனைப் படித்ததற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் தமிழ்ப் பேச்சை எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்பதற்கு ஒரு மணி நேர வகுப்புகூட இல்லாமல், தமிழ்ச் செய்தி அறைகளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது திரையில் தெரியும் எழுத்து. மாணவர் படங்களின் டைட்டில் கார்டுகளில் ‘கொ’ உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் மறுபக்கமும் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடோபி பிரீமியரின் விருப்பத் தேர்வுகளில் தெற்காசிய மொழிகளுக்கென்று எழுத்து இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்துபோகிற சிக்கல் இது. அது தெரியாததால் மாணவர்கள் சீனியர் காட்டிய குறுக்குவழியில், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தை, எழுத்துரு மாற்றும் மென்பொருளில் கொடுத்துப் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டுகிறார்கள். திரையில் எழுத்து சரியாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குப்பை. அதே வாசகத்தை யூடியூபுக்கான வசனக் கோப்பில் ஒட்டினால் பாமினி இல்லாத திரையில் அந்தக் குப்பைதான் தெரியும். யூனிகோடு தரத்தில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010-இல் அரசாணை மூலம் அதை ஏற்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு மாணவர் தன் படத்தின் பெயரைத் திரையில் கொண்டுவர சீனியரின் தயவை நம்பியிருப்பது நமக்கு அழகில்லை.

காப்பக அறையில் நான் பட்ட பாடு ஒன்றையும் சொல்ல வேண்டும். திருவண்ணாமலை கிரிவலத்தின் பழைய காட்சிகள் தேவைப்பட்டு, காட்சிப் பட்டியலில் ‘பௌர்ணமி’ என்று தேடினேன். ஆறு கோப்புகள் வந்தன. இருபதுக்கு மேல் எடுத்திருப்போம் என்பது எனக்கு நினைவிருந்தது. வரிவரியாக இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மற்றவற்றில் பெயரிட்டவர்கள் ஔகாரக் குறியைத் தட்டாமல், எகரக் கொம்பு போட்டு ‘ப’ எழுதி, அருகில் ‘ள’ என்ற எழுத்தைத் தனியாகத் தட்டியிருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு அது ‘பெளர்ணமி’ என்ற வேறு சொல். ‘கௌரி’க்கும் இதே கதிதான், ‘எ’ என்ற உயிரெழுத்துக்குப் பதில், அதே போலத் தெரியும் ஏழாம் எண்ணின் தமிழ்க் குறியைத் தட்டியவர்களும் உண்டு. எழுத்தைப் படமாக மட்டும் பார்த்துப் பழகியவர் இந்தப் பிழையைச் செய்யத்தான் செய்வார். டிஜிட்டல் ஊடகம் என்ற பெயரில், இணையத் தேடலில் முன்னால் வரவைக்கும் தேடுபொறி உகப்பாக்கம் பற்றி ஒரு தாளே வைத்திருக்கிறீர்கள். தேடினால் கிடைக்கிற மாதிரி ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டுவது எப்படி என்பது அந்தத் தாளில் எந்த அலகில் வருகிறது என்று தயவுசெய்து பாருங்கள்.

தட்டச்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் விளைவாக உருவான தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் வருகின்றன. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘ந’வை அடுத்துத் ‘த’ வந்தாலும் புள்ளி தானாக விழும். நம் மொழியின் ஒலியொழுங்கு தெரிந்த ஒருவர் யோசித்து அமைத்த பலகை அது. அன்றாடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் கை பழகிவிடும். அதைக் கற்பிக்காமல் விடுவதால்தான் மாணவர்கள் ரோமன் எழுத்தில் தட்டி, மென்பொருள் காட்டும் முதல் சொல்லை ஏற்றுக்கொண்டு, ‘பள்ளி’யைப் ‘பல்லி’யாக அனுப்புகிறார்கள்.

திரையின் அடியில் வரும் வசன வரிகளில் (சப்டைட்டில்) வேறொரு கணக்கு இருக்கிறது. ‘செய்துகொண்டிருந்தபோது’ என்பது எண்ணிப் பார்த்தால் 11 எழுத்து. மென்பொருள் அதை 21 என்று எண்ணும், ஏனென்றால் புள்ளியையும் கொம்பையும் அது தனித்தனிக் குறியாகக் கணக்கிடுகிறது. ஆங்கில வசன வரிக்கு வரி ஒன்றுக்கு 42 எழுத்து என்று பரவலாகக் கொள்ளும் அளவை அப்படியே எடுத்துத் தமிழுக்குப் போட்டால், மாணவர் பாதி இடம் மிஞ்சியிருக்கும்போதே வரியை உடைக்கிறார். இல்லையென்றால் ஒரே சொல்லை நடுவில் பிளக்கிறார். அச்சுக்கலை வகுப்பில், ஆங்கில எழுத்தின் முனையில் சிறு கோடு உள்ள செரிஃப், அது இல்லாத சான்ஸ் செரிஃப் வேறுபாட்டை அரைப் பருவம் நடத்துகிறோம். மேல்வரியின் ‘மூ’ கீழே இறக்கும் வாலும் கீழ்வரியின் ‘கி’ மேலே தூக்கும் கொக்கியும் மோதிக்கொள்ளாமல் இருக்கத் தமிழுக்கு எவ்வளவு வரியிடைவெளி வேண்டும் என்று ஒரு பயிற்சியும் கொடுப்பதில்லை. இதை நான் புகாராகச் சொல்லும்போது ஒரு நண்பர், “பேனர் கடைப் பையனுக்குத் தெரியுமே” என்றார். உண்மை. ஃபிளெக்ஸ் கடையில் எட்டாம் வகுப்போடு வேலைக்கு வந்தவருக்குத் தெரிவது பட்டதாரிக்குத் தெரியவில்லை என்பதைத்தானே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி ஊடக அறம். இந்தத் தாளை ஆங்கிலத்தில் நடத்தி ஆங்கிலத்தில் தேர்வு வைப்பதால் வரும் தீங்குதான் எல்லாவற்றிலும் பெரிது என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே பிழை செய்தால் காயப்படுவது மூன்றாம் மனிதர். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி குற்றம்; குழந்தைகள் விஷயத்தில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 23-ஆம் பிரிவில், ஊடகங்களுக்கென்றே தடை விதிக்கிறது. மாணவர் இதை மனப்பாடம் செய்து பத்து மதிப்பெண் வாங்கிவிடுவார். பிறகு வேலைக்கு வந்து, பெயரை மறைத்துவிட்டு, ‘ஊராட்சித் தலைவரின் கொழுந்தியாள் மகள்’ என்று எழுதுவார். நம் ஊர்களில் உறவுமுறையே முகவரி. ‘ஃபேமிலி டீடெய்ல்ஸ்’ என்ற ஆங்கிலப் பொதுச்சொல்லை மட்டும் படித்தவருக்கு, சித்தப்பா, மச்சான், கொழுந்தியாள் என்று ஒவ்வொரு சொல்லும் எத்தனை வீட்டைச் சுட்டிக்காட்டிவிடும் என்பது உறைக்காது. தமிழில் செய்தி எழுதி, அதை வகுப்பிலேயே கிழித்துப் போட்டு, மறுபடி எழுதிப் பார்த்தால் உறைக்கும்.

தற்கொலைச் செய்திகளைப் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை வகுப்பில் படிக்கிறார்கள். தமிழில் அதை எப்படி எழுதுவது என்று வரும்போது ‘தூக்கில் தொங்கினார்’ என்ற பழைய வாய்பாடே கையில் வருகிறது. முறையையும் இடத்தையும் தலைப்பில் போடாமல் இருப்பதற்குத் தமிழில் பத்து விதமான வாக்கியங்கள் உண்டு. அவற்றை எழுதிப் பழகியவர் யாரும் இல்லை. ‘கள்ளக்காதல்’ என்ற சொல்லை எந்தக் கூச்சமும் இல்லாமல் காணொளியின் முகப்புப் படமான தம்ப்நெயிலில் போடும் இளைஞர்களிடம், அது வழக்கின் உண்மையைச் சொல்கிறதா, இறந்த பெண்ணின் மேல் தீர்ப்பு எழுதுகிறதா என்று கேட்டால் திகைக்கிறார்கள். அந்தத் திகைப்பைக் கல்லூரியிலேயே ஏற்படுத்தியிருக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கின் விளைவாக, பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரைக் குறிப்பதற்கான சொற்களின் தொகுப்பைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது; ஊடகங்கள் கையாள வேண்டிய சொற்கள் என்பதே அதன் நோக்கம். ஊடகப் படிப்பு ஒன்றில் அந்தத் தொகுப்பு கட்டாயப் பாடமாக இருக்க வேண்டாமா?

குரலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செய்தி வாசிப்புக்கு ஒரு தமிழ், யூடியூபில் நேரடியாகப் பேச ஒரு தமிழ், ஆவணப்படத்தின் பின்னணிக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு தமிழ் என்று எங்கள் தொழிலில் குறைந்தது மூன்று நடைகள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடுமாறாமல் மாறுவது பயிற்சியில் வருவது. ழகரம் வரவில்லை என்று மாணவரைக் கேலி செய்வதோடு நம் பயிற்சி முடிந்துவிடுகிறது. 2004 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியாக அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்எம் முதலாக, நம் கல்லூரிகள் சிலவற்றில் சமுதாய வானொலிகள் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்துக் குடியிருப்பு மக்களிடம் போய், அவர்கள் பேசும் தமிழில் பேசி, அவர்களையே பேசவைக்கும் வேலை அங்கே நடக்க முடியும். அப்படிப்பட்ட நிலையம் இருக்கும் கல்லூரிகளிலாவது அங்கே செலவிடும் நேரத்துக்கு முதன்மைப் பாட மதிப்பெண் கொடுக்கலாம்.

நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் கேரளத்து மாணவர் இருக்கிறார், மணிப்பூர் மாணவர் இருக்கிறார் என்பீர்கள். அவர்களுக்கு விருப்பப் பாடமாக வேறொன்றைக் கொடுங்கள். மூன்று பேருக்காக மற்ற நாற்பது பேரின் தொழில்மொழியை ஒதுக்கிவைப்பது தீர்வாகாது. வேலை மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கிறது என்பீர்கள். அங்கேயும் தென்னிந்திய மொழிப் பிரிவுக்குத்தான் நம் பிள்ளைகளை எடுக்கிறார்கள். டப்பிங் வசனம் திருத்தவும் வசன வரி போடவும் விளம்பர வாசகத்தைத் தமிழில் எழுதவும் கூப்பிடுகிறார்கள். ஆங்கிலம் வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். சட்டம், மென்பொருள், உலக சினிமா எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. கேமராவை நிழற்படக் கருவி என்று எழுதச் சொல்லும் கட்சியிலும் நான் இல்லை. லைட் மீட்டர் லைட் மீட்டராகவே இருக்கட்டும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலேயே குளோசப்பைச் சொல்லிவிட்டார் என்று கருத்தரங்குதோறும் முழங்கப்படும் பேச்சையும் நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. அதைவிட, பகுதி ஒன்றில் ஏற்கெனவே படிக்கும் சங்கப் பாடல் ஒன்றை எடுத்து, நிலமும் பொழுதும் பறவையும் மரமும் எந்த வரிசையில் கண்ணுக்கு வருகின்றன என்று பார்த்து ஷாட் பிரித்து வரச் சொன்னால், இரண்டு பாடங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் ஒரு கதவாவது திறக்கும்.

தமிழில் பாடநூல் இல்லையே என்பது மட்டுமே எனக்கு நியாயமாகப் படும் மறுப்பு. அதுவும் தீராத குறை இல்லை. 1960-களிலும் 70-களிலும் அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் கல்லூரி அளவில் தமிழ் நூல்களை அரசே எழுதவைத்து வெளியிட்டிருக்கிறது. 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், வகுப்பறைக்காகக் காத்திராமல், இதழாளர்களுக்கென்று தாமே ஒரு கையேடு எழுதினார். அவருடைய நடையை எல்லாரும் ஏற்க வேண்டியதில்லை. எனக்கே அதில் சில மாறுபாடுகள் உண்டு. ஆனாலும் ஒரு நாளிதழ் அதிபர் தனியாளாகச் செய்ததை, இத்தனை துறைகளும் இத்தனை பேராசிரியர்களும் சேர்ந்து டிஜிட்டல் ஊடகத்துக்கு ஒரு நடைக் கையேடாக எழுதிவிட முடியாதா? எண்களை எப்படி எழுதுவது, பிறமொழிப் பெயர்களை எப்படி ஒலிபெயர்ப்பது, சாதிப் பெயர் எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது, குற்றம் சாட்டப்பட்டவருக்கு ‘அவர்’ விகுதியா ‘அவன்’ விகுதியா என்பன போன்ற கேள்விகளுக்கு ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியாக, பெரும்பாலும் இரவு நேரத்தில், பதற்றத்தில், விடை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது.

விதிகள் குறுக்கே நிற்கின்றன என்றும் சொல்ல முடியாது. பாடம் ஆங்கிலவழியில் நடந்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத மாணவர்களை அனுமதிக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழுவே 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. நீண்ட தொழில் அனுபவம் உள்ளவர்களை, முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும், பேராசிரியர் நிலையில் அமர்த்திக்கொள்ள அதே குழு 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எனக்கு வேலை கேட்கிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். ஓய்வுபெற்ற செய்தி ஆசிரியர்களும் வானொலி அறிவிப்பாளர்களும் டப்பிங் வசனகர்த்தாக்களும் இந்த நகரத்தில் நிறையப் பேர் சும்மா இருக்கிறார்கள். “‘ன்னு’ எங்கே?” என்று என்னைக் கேட்டவரும் அவர்களில் ஒருவர்.

ஆகவே என் கோரிக்கை பெரிதன்று. அடுத்த பாடத்திட்ட மாற்றத்துக்குக் காத்திராமல், வரும் பருவத்திலேயே, குறும்படத்துக்கும் ஆவணப்படத்துக்கும் தமிழில் எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே ஏற்றுக்கொள்ளுமாறு துறைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. முதல் பருவக் கணினிப் பயிற்சியில் தமிழ் தட்டச்சுக்கும் யூனிகோடுக்கும் 30 மணி நேரம் ஒதுக்குங்கள். ஊடகத் தமிழ் என்ற ஒரு தாளைத் தமிழ்த் துறையும் காட்சித் தொடர்பியல் துறையும் சேர்ந்து நடத்தட்டும். மதிப்பெண்ணை இருவரும் சேர்ந்தே போடட்டும். இந்த மூன்றாவது கோரிக்கையில்தான் இரண்டு துறைத் தலைவர்களுக்கும் இடையே யார் வகுப்பு, யார் பணிநேரக் கணக்கு என்ற சண்டை வரும் என்பதை அறிவேன். அதைத் தீர்த்துவைக்கும் அதிகாரம் உங்கள் குழுவிடம் இருப்பதால்தான் இம்மடலைத் துறைகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

வெட்டும் பயிற்சிக்கென்று தமிழ்ப் பேட்டித் துண்டுகள் 25 தொகுத்து வைத்திருக்கிறேன். எல்லாம் நானும் நண்பர்களும் பயிற்சிக்காகவே பேசிப் பதிவுசெய்தவை. யாருடைய உரிமைச் சிக்கலும் இல்லை. ஒவ்வொன்றிலும் பொருள் புரளும் இடத்தைத் தனித்தாளில் குறித்திருக்கிறேன். உங்கள் அடுத்த கூட்டம் எந்த நாளில், எந்த வளாகத்தில் என்று அறிவித்தால், ஒரு மடிக்கணினியோடு வந்து, உறுப்பினர்கள் முன்னிலையில் மூன்று துண்டுகளை வெட்டிக் காட்ட எனக்கு 20 நிமிடம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காட்சித் தொடர்பியல் முன்னாள் மாணவன், படத்தொகுப்பாளர்,
சென்னை.